எல்ஜி கிட்ட நில்லுங்க

மேரிகோல்டு மாலுக்குள் நுழையும்போதே எனக்கு முதல் சண்டை வந்துவிட்டது. வாசலில் பையைச் சோதிக்கிற மிஷின் ஒன்று நிற்கிறது. அது ஓடி நான் பார்த்ததில்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு மேஜை, ஒரு பூட்டுப்போட்ட அலமாரி, ஒரு செக்யூரிட்டி. என் துணிப்பையைத் திறந்து காட்டச் சொன்னார். தயிர்சாத டப்பா, தண்ணீர் பாட்டில், ஒரு சின்ன குளுக்கோஸ் டப்பா. வேறொன்றுமில்லை.

"வெளி சாப்பாடு உள்ள அலவ் கெடையாதும்மா. இங்க வச்சிட்டுப் போ. டோக்கன் தர்றேன், போம்போது வாங்கிக்கோ."

"இவரு சுகர் பேஷண்டுங்க. இன்சுலின் போடறவரு. நேரத்துக்குச் சாப்பிடணும்."

"மேல ஃபுட் கோர்ட்டு கீதும்மா. இன்னா வோணும்னாலும் கெடைக்கும்."

நான் அடுத்த சண்டைக்குத் தயாராவதற்குள் என் வீட்டுக்காரர் பையை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டார். டோக்கனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ரூல்னா ரூல்தான் மெட்டில்டா. போர்டுல எழுதியிருக்கு பாரு" என்றார். ஏசுபாதம் சார் என்றால் தாம்பரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். ரிட்டையர் ஆகும்வரை இங்கிலீஷ் வாத்தியார். போர்டில் எழுதியிருப்பதை வேத வசனத்துக்கு அடுத்தபடியாக நம்புகிற மனிதர். அவரைக் கட்டிக்கொண்ட எனக்குக் கத்தக் கற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இந்த மால் திறந்த புதிதில் இப்படி இல்லை. ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலேறி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேராக இங்கேதான் வருவோம். கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் பிரிந்துபோனால் என்ன செய்வது என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. இரண்டாவது மாடியில் எல்ஜி டிவி கடை, பெரிய சிவப்பு எழுத்தில் போர்டு. "தொலஞ்சு போனா எல்ஜி கிட்ட போய் நில்லு. நகரக்கூடாது. அம்மா வருவேன்." எங்கள் மகள் ஜென்சிக்காகப் போட்ட சட்டம். ஆனால் அதிகம் தொலைந்துபோனது அவளுடைய அப்பாதான். புத்தகக் கடையைப் பார்த்தால் காணாமல் போய்விடுவார். பிறகு எல்ஜி வாசலில் அசையாமல் நின்றுகொண்டிருப்பார். நான் போய்த் திட்டிக் கூட்டி வருவேன்.

ஜென்சி கல்யாணமாகி பெங்களூருக்குப் போய்விட்டாள். புத்தகக் கடையும் போய்விட்டது. இப்போது பத்துக் கடைக்கு ஒன்று திறந்திருந்தால் அதிசயம். எஸ்கலேட்டர் நின்றுபோய்ச் சாதாரணப் படிக்கட்டாகிவிட்டது. நடுக்கூடத்துச் செயற்கை நீரூற்றில் தண்ணீருக்குப் பதில் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அப்படியும் நாங்கள் வந்ததற்குக் காரணம் முதல் மாடியிலிருந்த கண்ணாடிக்கடை. அவருக்குப் புதுக் கண்ணாடி போட்டு இது மூன்றாவது நடை. முதல் தடவை பவர் மாறிப்போயிருந்தது. இரண்டாம் தடவை வேறு யாருடைய கண்ணாடியையோ கொடுத்து "போடப் போட பழகிடும் சார்" என்றார்கள். இவரும் பழகிப் பார்த்தார், பாவம். வாசற்படியில் தடுக்கி விழுந்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

கவுண்டரில் கெசியா என்ற பெண் இருந்தாள். நல்ல பெண்தான், அவள்மேல் குற்றமில்லை. முதலாளி போன் எடுப்பதில்லை. அவள்தான் எல்லோரிடமும் ஏச்சு வாங்குகிறாள். இவர் போட்டிருந்த பழைய கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். "இதே ஃப்ரேம்ல புது லென்ஸ் ஏத்தித் தரேன் அங்கிள். பத்து நிமிஷம்."

கண்ணாடி இல்லாவிட்டால் இவருக்கு என் முகம்கூட மங்கலாகத்தான் தெரியும். ஆள் உயர எழுத்தாக இருந்தால் மட்டும் படிப்பார். வெளியே பெஞ்சில் உட்கார வைத்தேன். பத்து நிமிஷம் அரைமணியானது. உள்ளே மிஷின் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. கரண்ட் சரியில்லையாம்.

மணி ஒன்றடித்ததும் இவர் சட்டைப்பையிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்து வயிற்றில் குத்திக்கொண்டார்.

"என்னங்க, சாப்பாடு எங்க இருக்குன்னு பாக்காம ஊசியப் போட்டுட்டீங்களே!"

"ஃபுட் கோர்ட் தர்ட் ஃப்ளோர்னு கீழயே போர்டு இருந்துச்சே. வா, போயிடலாம்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓடாத எஸ்கலேட்டரில் ஏறினேன். ஏறி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. மேலே போனால் ஃபுட் கோர்ட்டுக்குக் குறுக்கே ஒரு கயிறு. மேஜைகளை எல்லாம் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்து, "பொங்கலோட மூடிட்டாங்கம்மா" என்றார். சொல்லிவிட்டு மறுபடி பெருக்கத் தொடங்கினார்.

இருக்கிற சாப்பாட்டை வாசலில் பிடுங்கி வைத்துக்கொண்டு, இல்லாத ஃபுட் கோர்ட்டுக்குப் போர்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் கத்த நேரமில்லை. ஊசி போட்டு அரைமணிக்குள் இவருக்கு ஏதாவது உள்ளே போக வேண்டும். ஒருமுறை தாமதமாகி வீட்டிலேயே மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆள் இல்லை என்று டாக்டர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

"கீழ போய் நம்ம பையவே வாங்கிடலாம், வாங்க."

"நீ போ. நான் பாத்ரூம் போயிட்டு வந்துடறேன். அவசரம்."

பாத்ரூம் இரண்டாவது மாடியில், அந்த எல்ஜி கடையை ஒட்டினாற்போல் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த வராந்தா முனை வரை கூட்டிவந்து விட்டேன். "முடிச்சிட்டு இங்கயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு நான் கீழே ஓடினேன்.

வாசலில் அதே செக்யூரிட்டி. "அந்தப் பையக் குடுங்க. ஃபுட் கோர்ட்டே மூடிக் கிடக்கு."

"டோக்கன் குடும்மா."

டோக்கன் இவருடைய சட்டைப்பையில்.

"அவர்கிட்ட இருக்கு. பையில என்ன இருக்குன்னு நான் சொல்றேன். தயிர்சாதம், தண்ணி பாட்டில், குளுக்கோஸ் டப்பா. நீங்கதானே வாங்கி வச்சீங்க? என் மூஞ்சி ஞாபகமில்ல?"

"ஞாபகம் கீதும்மா. டோக்கன் இல்லாம குட்த்தா எனக்குத்தான் பேஜாரு. கேமராவுல பாத்துகினே இருப்பாங்க. போன வாரம் ஒருத்தன வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்க இதே மேட்டருக்கு."

அப்போதுதான் விளக்குகள் எல்லாம் ஒரு தடவை கண்சிமிட்டி அணைந்தன. எங்கேயோ ஜெனரேட்டர் உறுமியது. கூடத்தில் மட்டும் பாதி விளக்கு எரிந்தது. என் கையில் போன் அடித்தது. இவர்தான்.

"மெட்டில்டா... கை நடுங்குது. வேர்த்து ஊத்துது. லைட்டு போயிடுச்சு."

"எங்க இருக்கீங்க?"

"எல்ஜி. எல்ஜி கிட்டதான் நிக்கறேன். நீ வா."

அவ்வளவுதான், லைன் போய்விட்டது. திரும்ப அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள்.

செக்யூரிட்டி என் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, அலமாரியைத் திறந்து குளுக்கோஸ் டப்பாவை மட்டும் எடுத்து நீட்டினார். "மருந்துன்னா பரவால்ல, எட்த்துகினு ஓடு. டிஃபன் டப்பாக்குத்தான் டோக்கன் வோணும்." அந்த நேரத்திலும் அவருக்கு ரூல். பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

இரண்டாவது மாடியில் யாரும் இல்லை. எல்ஜி கடை இருந்த இடத்தில் பிளைவுட் பலகை அடித்திருந்தார்கள். பாத்ரூம் கதவில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. முனையிலேயே விட்டுவிட்டு ஓடியதில் இதைக் கவனிக்காமல் போனேனே! பூட்டிய கதவைப் பார்த்தும் அறிவில்லாமல் தட்டினேன். "என்னங்க! ஏங்க!" என் குரல் காலிக் கடைகளுக்குள் போய்த் திரும்பி வந்தது. பலகைக்குப் பின்னால் விழுந்து கிடக்கிறாரோ என்று இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். சிமெண்டு மூட்டைகள் தெரிந்தன.

எனக்குப் பயம் வந்தது. கோபக்காரி என்று என்னைச் சொல்வார்கள்; உண்மையில் பயம் வந்தால்தான் நான் கோபப்படுவேன். அன்றைக்குக் கோபம்கூட வரவில்லை. ஆண்டவரே, இவரை இந்தப் பாழடைந்த கட்டடத்தில் என்னிடமிருந்து எடுத்துவிடாதீர் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படியிறங்கினேன். கண்ணாடிக்கடை வாசலில் கெசியா டார்ச்சோடு நின்றிருந்தாள். "அங்கிள் இங்க வரலையே ஆன்ட்டி" என்றாள். அவளும் என்னோடு ஓடி வந்தாள்.

"மைக்ல கூப்பிடுங்க! எல்ஜி கடை கிட்ட இருக்கேன்னாரு, அங்க ஆளையே காணோம்!" என்று செக்யூரிட்டியிடம் கத்தினேன்.

"மைக்கு போயி ஆறு மாசம் ஆவுது. எல்ஜி கடையா? அத்த காலி பண்ணி ரெண்டு வருஷமாச்சேம்மா. அந்தக் கடையே இங்க இல்ல."

அவர் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. யாரோ ஒருவர் சாவகாசமாகப் பேசினார். "எல்ஜி ஷட்டர் எறக்கி லாக் பண்ணிட்டேன். சாப்ட போறேன், ஓவர்."

எனக்குக் காதில் விழுந்தது நிஜமா என்று தெரியவில்லை. "இப்ப எல்ஜின்னாங்களே! கடையே இல்லன்னீங்க!"

"அது கடை இல்லம்மா. கீழ லோயர் கிரவுண்டு. எல்ன்னா லோயரு, ஜின்னா கிரவுண்டு. நாங்க எல்ஜின்னுதான்..." சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். அவர் முகம் மாறியது. "அய்யய்யோ. பாத்ரூம் இப்ப அங்க மட்டுந்தாம்மா கீது."

மூன்று பேரும் கீழ்ப்படியில் ஓடினோம். செக்யூரிட்டி வாக்கிடாக்கியில் "திரும்பி வாடா, சாவியோட வா, உள்ள ஆள் கீது!" என்று கத்திக்கொண்டே வந்தார். பதில் வரவில்லை.

படி முடிகிற இடத்தில் கம்பி ஷட்டர், அதில் பெரிய பூட்டு. முன்பு அந்தத் தளம் முழுக்க சூப்பர் மார்க்கெட்டாக இருந்தது. இப்போது வெறும் இருட்டு. எதிரில் லிஃப்ட் செத்துக் கிடந்தது. கெசியா டார்ச்சை உள்ளே அடித்தாள். கொஞ்ச தூரத்தில் ஒரு தூண். தூணில் ஆள் உயரத்துக்குச் சிவப்பு பெயிண்டில் LG என்று எழுதியிருந்தது. அதன் கீழே முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர். சட்டை முழுதும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"என்னங்க!"

தலையைத் திருப்பினார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"யாருங்க? கடை மூடிட்டாங்களா?"

"நான்தாங்க. இங்க எழுந்து வாங்க. குளுக்கோஸ் வச்சிருக்கேன், வாங்க."

"இல்லம்மா." மரியாதையாக, நிதானமாக, நாக்கு லேசாகக் குழறச் சொன்னார். "நான் இங்க நிக்கணும். எங்க மிஸஸ் வருவாங்க. எல்ஜி கிட்ட நகரக்கூடாது."

என்னைத் தெரியவில்லை. கண்ணாடி இல்லாததால் மட்டுமில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னாலும் இப்படித்தான் ஜென்சியை யாரென்று கேட்டார். இதற்கு அடுத்தது மயக்கம். அதற்கு அடுத்ததை டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கம்பிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை. செக்யூரிட்டி பூட்டை ஒரு செங்கல்லால் அடித்துக்கொண்டிருந்தார்; பூட்டு அசையவில்லை. கெசியா என்னிடமிருந்து டப்பாவை வாங்கி, "அங்கிள், இத உருட்டி விடறேன், வாயில போட்டுக்கோங்க" என்றாள்.

"வேணாம்மா. தேங்க் யூ. டிஃபன் எங்க மிஸஸ் கொண்டு வராங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது. அவங்க வந்தா நான் இருக்கறது தெரியணும்."

கெசியா அழுதுவிட்டாள். ராஜா, கண்ணு என்றெல்லாம் கெஞ்சினேன். வாழ்நாளில் அவரை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் இன்னும் சங்கடப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெரியாத பொம்பளை ஒருத்தி ராஜா என்று கூப்பிட்டால் அவர் வேறு என்ன செய்வார்? தலை மெதுவாகத் தோளில் சாயத் தொடங்கியது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் காத்துக்கொண்டிருப்பது ஒரு நல்ல வார்த்தைக்கு இல்லை. எல்ஜி வாசலுக்கு எப்போதும் எது வந்ததோ அதற்கு.

கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினேன்.

"யோவ் வாத்தியாரே! எத்தன தடவ சொல்றது உங்களுக்கு? எங்க போனாலும் ஒரு எடத்துல ஒழுங்கா இருக்க மாட்டீங்களா? உங்களத் தேடித் தேடியே நான் செத்துப் போகணுமா? எந்திரிங்க! எந்திரிச்சு இங்க வாங்க! இப்பவே!"

சாய்ந்த தலை நிமிர்ந்தது.

"மெட்டில்டா?"

"மெட்டில்டாதான்! வேற எவ வருவா உங்களத் தேடி? நடக்க முடியலன்னா தவழ்ந்து வாங்க! ம்! வாங்க!"

முப்பது வருஷமாக அவருடைய அக்காமார்கள் எல்லாம் என் வாயைப் பற்றிச் சபை முழுக்கக் குறை சொல்லித் திரிந்திருக்கிறார்கள். அந்த வாயை வைத்துத்தான் அன்றைக்கு அவரை இழுத்தேன். ஒரு விநாடி நிறுத்தினாலும் அவர் நின்றுவிட்டார். பழைய கதை, புதுக் கதை, கரண்ட் பில், அவர் தங்கச்சி சீமந்தம் என்று வாயில் வந்ததை எல்லாம் திட்டினேன். தூணை விட்டுக் கையை எடுத்தார். முட்டி போட்டார். தரையில் கையூன்றி, என் குரல் வருகிற பக்கம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்தார்.

கைக்கு எட்டியதும் கம்பி வழியாக அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டேன். அவரை இனி யார் கேட்டாலும் கொடுப்பதாக இல்லை.

"வாயத் திறங்க."

திறந்தார். குளுக்கோஸை விரலால் எடுத்து அவர் கன்னத்துக்குள் தடவினேன். மறுபடி தடவினேன். கெசியா டார்ச்சை அவர் வாய்ப்பக்கம் காட்டினாள். அவர் சப்பி விழுங்குவதைப் பார்த்துக்கொண்டே நான் திட்டுவதை நிறுத்தாமல் இருந்தேன். எப்போது அது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது.

சாவி வந்து ஷட்டரைத் தூக்கியபோது அவருக்குக் கை நடுக்கம் குறைந்திருந்தது. வெளியே படியில் உட்கார வைத்தோம். செக்யூரிட்டி மேலே போய் எங்கள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் டப்பாவைத் திறந்து என் மடியில் வைத்தார். நான்கு வாய் தயிர்சாதம் ஊட்டியதும் இவர் சட்டைப்பையைத் தடவினார். ஈரமான டோக்கனை எடுத்து நீட்டினார்.

"சார், இந்தாங்க உங்க டோக்கன்."

அந்த மனிதர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவரைத் திட்டுவதற்கு என்னிடம் நிறைய மிச்சமிருந்தது, குரல்தான் மிச்சமில்லை.

நடந்ததை இவரே மெதுவாகச் சொன்னார். மேலே பூட்டியிருந்ததால், அந்தப் பக்கம் வந்த பெருக்குகிற அக்கா சாமான் ஏற்றுகிற லிஃப்டில் ஏற்றிக் கீழே அனுப்பினாராம். பாத்ரூமிலிருந்து வெளியே வரும்போது லைட் போயிற்றாம். தலை சுற்றியது, எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை, படிப்பக்கத்து மங்கல் வெளிச்சத்தில் தூரத்தில் சிவப்பாக அந்த எழுத்து தெரிந்தது. "அதப் பாத்ததும் நிம்மதியாயிடுச்சு. இனிமே நீ வந்துடுவேன்னு உக்காந்துட்டேன்."

கரண்ட் வந்தது. கெசியா மேலே ஓடிப்போய் மிச்ச வேலையை முடித்துக் கண்ணாடியை எடுத்து வந்தாள். காது மடலுக்குப் பின்னால் அவளே பொருத்திவிட்டாள். இவர் கண்ணைக் கொட்டிக்கொட்டிச் சுற்றிலும் பார்த்தார். இந்த முறை பவர் சரியாக இருந்திருக்க வேண்டும். காலித் தளத்தை, தூசியை, தூணை, தூணில் இருந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மெட்டில்டா, இது நம்ம எல்ஜி இல்லையே."

"ஆமா, இல்ல" என்றேன். "வாயத் திறங்க. இன்னும் ரெண்டு வாய் இருக்கு."